குளியலறை ஈரக் காற்று எங்கே போய் முடிய வேண்டும்?

மாடிக் குளியலறையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகி, கையால் வரைந்த படத்தோடு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அறை 8 அடிக்கு 5 அடி. உயரம் 9 அடி. மேலே பலகைத் தளம், அதற்கும் மேலே ஓட்டுக் கூரை. இரண்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பரண் இருக்கிறது. முன்பு பக்கச் சுவரில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. அது 4 அடிச் சந்துக்கு அப்பால் உள்ள பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக இருந்ததால், சில ஆண்டுகளுக்கு முன் மனத்தாங்கல் வந்து அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தொல்லை. கூரைப் பலகையில் கரும்புள்ளிகள், ஊதிப்போய் மூட மறுக்கும் கதவு, எப்போதும் ஒரு புழுங்கல் வாடை. இளைய மகனுக்கு அடிக்கடி இழுப்பு வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என்ற கவலை அவருக்கு.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பது என்று முடிவாகிவிட்டது. காற்றை எங்கே விடுவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. பரணுக்குள் விட்டால் ஓட்டு இடுக்கு வழியே தானாகப் போய்விடும் என்கிறார் மேஸ்திரி. கழிவறைக் குழாயிலிருந்து கூரைக்கு மேலே போகும் வென்ட் பைப்பில் இணைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். அடைத்த வென்டிலேட்டரையே திறந்து, பெரிய ஃபேனாக வைத்தால் தீர்ந்தது என்கிறார் கணவர். வாசகிக்குப் பின்பக்கச் சுவர் தோன்றுகிறது. ஆனால் அதற்கு 14 அடிக் குழாயும் மூன்று வளைவுகளும் வேண்டும், அந்தப் பக்கப் பால்கனியில் கேஸ் கீசரும் இருக்கிறது. சுவரில் பொருத்தும் 6 அங்குல ஃபேனை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். “எது சரி? பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி சண்டைக்கு வந்தால் என்ன செய்வது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய படம் நன்றாக இருக்கிறது. ஜன்னல், கீசர், எல்லைச் சுவர் எல்லாவற்றையும் குறித்திருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் முதலில் ஃபேனை வாங்கிவிட்டு, வேலை நடக்கிற அன்றைக்குத்தான் குழாய் எந்தப் பக்கம் போகும் என்று அண்ணாந்து பார்ப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஃபேன் முந்திக்கொண்டது. ஆனால் சுவரில் இன்னும் துளை விழவில்லை, அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. குழாயின் வெளிமுனை எங்கே என்பதை முதலில் முடிவு செய்வோம். எந்த ஃபேன், எத்தனை அங்குலக் குழாய் என்பதெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும்.

மகனைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஈரம் படிந்து பூஞ்சை பிடித்த வீடுகளில் இருப்போருக்கு மூச்சுக்குழல் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் பதிவு செய்திருக்கிறது. உங்கள் மகனின் இழுப்புக்கு இதுதான் காரணமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் வீட்டில் உள்ள பூஞ்சையைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். காரணம் எதுவானாலும் அந்தக் கரும்புள்ளிகள் போயாக வேண்டும். வெறும் பெயின்ட் அடித்து மறைத்தால் சில மாதங்களில் திரும்பி வரும்.

பரணில் விடுவது ஏன் கூடாது

மேஸ்திரி சொன்னதில்தான் உங்களுக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், செலவும் அதில்தான் குறைவு. “வெறும் காற்றுதானே” என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. வெந்நீரில் குளித்து முடித்ததும் அந்த அறையிலிருந்து வெளியேறுவதில் பாதிச் சிக்கல் தண்ணீர்தான், கண்ணுக்குத் தெரியாத வடிவில்.

ஈரம் நிறைந்த 35 டிகிரி செல்சியஸ் காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்க முடியும். மிச்சம் எங்கேயாவது நீராக இறங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் பரணில் அது இறங்கும் இடம் ஓட்டின் அடிப்பக்கமும் மரச்சட்டங்களும் ஆணித் தலைகளும். ஓட்டுக் கூரை இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் நேரமும் கூரை மிகக் குளிர்ந்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைவதைக் கவனியுங்கள்.

ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது என்று இரண்டு முறை ஓடு மாற்றினார்கள். மழையில்லாத நாளிலும் பழுப்பு நிறத்தில் சொட்டியது. பரணுக்குள் ஏறிப் பார்த்தபோது, குளியலறை ஃபேனுக்கு நேர் மேலே இருந்த சட்டம் விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு உளுத்திருந்தது. பக்கத்துச் சட்டங்கள் எல்லாம் கல்போல இருந்தன. ஓட்டு இடுக்கு வழியே கொஞ்சம் காற்று போகும்தான். நீர் அதற்கு முன்பே மரத்தில் இறங்கிவிடும்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, குளியலறைக் காற்றைப் பரணில் விடுவதை வெளிப்படையாகவே தடுக்கிறது. கூரை விளிம்பின் அடிப்பலகைக்குள் விடுவதும் அதில் தடைதான். விளிம்புக்கு அடியில் விட்ட வெதுவெதுப்பான காற்று மேலே எழுந்து, அதே விளிம்பு இடுக்கு வழியாகப் பரணுக்குள் திரும்பிவிடும். ஆகவே “குழாயைக் கூரை ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன்” என்று மேஸ்திரி சமாதானம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வென்ட் பைப்பில் இணைப்பது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, வேண்டாம். பெயரில் ‘வென்ட்’ இருப்பதால் வந்த குழப்பம் இது. அந்தக் குழாய் கழிவுக் குழாய்க்குள் காற்றழுத்தத்தைச் சமன் செய்யவும், சாக்கடை வாயுவைக் கூரைக்கு மேலே விடவும் இருப்பது. அதில் ஃபேனை இணைத்தால், ஃபேன் ஓடாத நேரத்தில் அந்த வாயு குளியலறைக்குள் இறங்க வழி கிடைக்கும். ஓடும் நேரத்தில் அழுத்தம் மாறி, தரை வடிகால் டிராப்பில் நிற்கும் நீரைக்கூடக் கலைக்கலாம். அந்த நீர்தான் சாக்கடை வாடைக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் தடுப்பு. புகைபோக்கி, கீசரின் புகைக்குழாய் ஆகியவற்றில் இணைப்பது இன்னும் மோசம். யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள்.

பழைய வென்டிலேட்டரும் பெரிய ஃபேனும்

உங்கள் கணவரின் யோசனையில் ஒரு நியாயம் உண்டு. குழாய் குறுகக் குறுக, வளைவு குறையக் குறைய ஃபேனுக்கு நல்லது. சுவரைத் தாண்டினால் வெளி; அதைவிடச் சுருக்கமான பாதை கிடையாது. உங்கள் கையில் இருக்கும் ஃபேனும் அதற்காகச் செய்யப்பட்டதுதான்.

சிக்கல் வெளியே இருக்கிறது. உங்கள் படத்தின்படி, அந்தத் துளைக்கும் உங்கள் வீட்டிலேயே மகன் தூங்கும் படுக்கையறையின் ஜன்னலுக்கும் இடைவெளி 2 அடிதான். நான் சொன்ன விதித்தொகுப்பு, திறக்கும் ஜன்னல்களிலிருந்தும் மனை எல்லையிலிருந்தும் குறைந்தது 3 அடியும், இயந்திரம் மூலம் காற்றை உள்ளிழுக்கும் துளைகளிலிருந்து 10 அடியும் தள்ளி வைக்கச் சொல்கிறது. உங்கள் ஊர் விதி வேறாக இருந்தால் அதுவே செல்லும். இந்த எண்களை ஒரு நியாயமான அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 2 அடியில் வைத்தால், குளியலறையிலிருந்து போன ஈரமும் வாடையும் மகன் தூங்கும் அறைக்குள் நுழையும். பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறப்பதற்கு முன் உங்கள் வீட்டிலேயே தொல்லை தொடங்கிவிடும்.

பெரிய ஃபேன் இதைத் தீர்க்காது; அதிக ஈரக் காற்றை அதே ஜன்னலுக்கு வேகமாக அனுப்பும், அவ்வளவுதான். உங்கள் அறைக்குப் பெரிய ஃபேன் தேவையும் இல்லை. 8 × 5 × 9 என்றால் 360 கன அடி. ஒரு மணி நேரத்துக்கு 8 முறை அந்தக் காற்று முழுவதும் மாறினால் போதுமானது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 48 கன அடி வருகிறது. சிறிய குளியலறைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவும் 50 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 50 கன அடி) தான், அதாவது மணிக்கு சுமார் 85 கன மீட்டர். பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் குழாயே இல்லாத நிலையில் அளந்தது. அதனால் நிஜத்தில் 50 கிடைக்க வேண்டுமானால் 80 முதல் 100 வரை எழுதியிருப்பதை வாங்குவது நல்லது.

நீங்கள் நினைத்த பின்பக்கச் சுவர்

இடம் நல்லது. அங்கே ஜன்னல் நெருக்கம் இல்லை, எல்லையும் தூரத்தில் இருக்கிறது. தயங்க வைப்பது குழாயின் நீளம். கணக்கிடும்போது ஒரு செங்கோண வளைவை 15 அடி நேர்க்குழாயாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படிப் பார்த்தால் உங்கள் 14 அடி, மூன்று வளைவுகளோடு சேர்ந்து 59 அடிக்குச் சமமாகிவிடும். சுவரில் வைக்கும் இறக்கை ஃபேன் இவ்வளவு தடையை எதிர்த்துத் தள்ளாது. சத்தம் வரும், இறக்கை சுழலும், காற்று மட்டும் நகராது. குழாய் ஃபேன் என்று தனியாக விற்கும் ஒன்றுதான் அதற்கு வேண்டும். பாதை ஒன்றும் முடியாதது அல்ல. ஆனால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தோன்றுகிறது.

என் யோசனை: முக்கோணச் சுவர்

உங்கள் படத்தில் பக்கச் சுவர் பலகைத் தளத்தோடு நிற்காமல், கூரை முகடு வரை முக்கோணமாக மேலே போகிறது. யாரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே பலகையில் ஒரு கிரில் வைத்து, குழாயைப் பரணுக்குள் 3 அடி ஏற்றி, அங்கிருந்து 5 அடி படுக்கையாகக் கொண்டுபோய் அந்த முக்கோணச் சுவர் வழியே வெளியே விடுங்கள். மொத்தம் 8 அடி, ஒரே ஒரு வளைவு. வெளிமுனை தரைத்தளத்திலிருந்து பார்த்தால் உயரத்தில், இரண்டு வீட்டு ஜன்னல்களின் மேல்விளிம்பையும்விட ஏறக்குறைய 5 அடி மேலே இருக்கும். வெதுவெதுப்பான காற்று மேல்நோக்கிப் போவதுதான் இயல்பு. ஜன்னல்கள் அதன் வழியில் இல்லை. கூரை ஓட்டில் துளை போட வேண்டியதும் இல்லை. ஓட்டைத் துளைத்தால் பிற்பாடு ஒழுகுமோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான்.

ஒன்றை மட்டும் நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பரணுக்குக் காற்று வருவதற்காக அந்த முக்கோணச் சுவரில் ஜாலி, அதாவது துளைகள் உள்ள தட்டி, வைத்திருக்கிறார்களா? படத்தில் தெரியவில்லை. இருந்தால், அதற்கு அருகே விட்ட ஈரக் காற்று மறுபடி பரணுக்குள்ளேயே போகும். 3 அடியாவது தள்ளி வைக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் பின்பக்கச் சுவருக்கே போய்விடலாம்.

இந்தப் பாதைக்கும் குழாய் ஃபேன்தான் வேண்டும். அதைப் பரணுக்குள், ரப்பர் பட்டையில் தொங்கவிட்டால் அதிர்வு பலகைக்கு இறங்காது. குளியலறையில் சத்தம் பெரிதாகக் கேட்காது. வாங்கிய 6 அங்குல ஃபேனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் வேறு எங்காவது, நேராக வெளிச்சுவர் உள்ள இடத்தில் பயன்படும்.

குழாய் வேலையில் நீங்களே நின்று பார்க்க வேண்டியவை

குழாய் வழவழப்பாக, விறைப்பாக இருக்கட்டும். சுருள் சுருளாக இழுத்து நீட்டும் அலுமினியக் குழாயைத்தான் பலரும் எடுத்து வருவார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்பதால். அதன் மடிப்புகள் காற்றைத் தடுக்கும். நடுவில் தொய்ந்த இடத்தில் நீர் தேங்கி, கடைசியில் குழாயையே அடைக்கும்.

விட்டம் 4 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. கையில் 3 அங்குலக் குழாய் மிச்சம் இருக்கிறது என்று யாராவது போட முயன்றால் தடுத்துவிடுங்கள். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். அதே அளவு காற்றைத் தள்ள ஃபேன் எதிர்க்க வேண்டிய தடை நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடும். ஃபேனின் வாய் எத்தனை அங்குலமோ, வெளிமுனை வரை அதே அளவு.

பரண் குளிரும் இடம் என்பதால் குழாயைச் சுற்றி வெப்பக்காப்பு உறை போட வேண்டும். இல்லாவிட்டால் மரச்சட்டத்தில் இறங்கியிருக்க வேண்டிய நீர் குழாய்க்குள் இறங்கி, கிரில் வழியே உங்கள் தலையில் சொட்டும். படுக்கைக் குழாய் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கட்டும், அடிக்குக் கால் அங்குலம் போதும். உள்ளே படியும் நீரும் சாரலில் புகும் மழைநீரும் வெளியே வடிந்துவிடும்.

வெளிமுனையில் கீழ்நோக்கிக் கவிந்த மூடி, அதற்குள் ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் மடல். பறவையும் அணிலும் நுழையாதபடி கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போடலாம். கொசுவலை வேண்டாம். கொசு வராது என்ற எண்ணத்தில் நிறையப் பேர் போடுகிறார்கள். ஈரமும் தூசும் சேர்ந்து சில மாதங்களில் அது துணிபோல அடைபடும், அந்த உயரத்தில் ஏறிச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது. கொசுவைத் தடுக்கும் வேலையை அந்த மடலே ஓரளவு செய்யும்.

துளை போடும் இடத்தில் பீமோ லின்டலோ தூணோ இருக்கக் கூடாது. மின்வேலைக்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.

கீசரைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்

கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் எனக்கு மிகவும் கவலை தந்தது. ஃபேன் காற்றை வெளியே தள்ளினால் அதே அளவு காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். எங்கிருந்து என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

உங்கள் படத்தைப் பார்த்தால், குளியலறைக் கதவு நடைக்குத் திறக்கிறது. நடையில் இருக்கும் ஒரே ஜன்னல் பால்கனிப் பக்கம், கீசருக்குப் பக்கத்தில். யாரோ குளிக்கிறார், கீசர் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது. அப்போது ஃபேன் அந்த ஜன்னல் வழியாகத்தான் காற்றை இழுக்கும். கீசரின் புகையும் அதோடு சேர்ந்து உள்ளே வரலாம். கேஸ் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

கீசரின் புகைக்குழாய் பால்கனியைத் தாண்டித் திறந்த வெளியில், அந்த ஜன்னலுக்கு எட்டாமல் முடிகிறதா என்பதைக் கேஸ் வேலை தெரிந்தவரைக் கொண்டு சோதியுங்கள். அது சரியாகும்வரை குளிக்கும் நேரத்தில் அந்த ஜன்னலை மூடிவைத்து, படுக்கையறைப் பக்கத்திலிருந்து காற்று வரும்படி அந்த அறைக் கதவைத் திறந்து வையுங்கள். நடையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். கீசரைப் பால்கனியிலிருந்து வீட்டுக்குள் மாற்றும் எண்ணம் எப்போதாவது வந்தால், இந்த ஃபேன் இருப்பதை முதலில் அந்தக் கேஸ் வேலைக்காரரிடம் சொல்லுங்கள்.

குளியலறைக் கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள். ஊதிப்போன கதவை எப்படியும் இழைக்கத்தானே போகிறீர்கள், அப்போதே செய்துவிடலாம். வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூ தாளைக் கிரில் மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று போகிறது. கதவைத் திறந்தால் மட்டும் ஒட்டுகிறது என்றால், உள்ளே வரும் வழி போதவில்லை. குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஃபேன் ஓடட்டும். மறந்துபோகும் என்றால் டைமர் ஸ்விட்ச் வைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

“என் சுவர், நான் எங்கே வேண்டுமானாலும் துளை போடுவேன்” என்ற வாதம் சட்டத்தில் முழுதாக நிற்காது. சுவர் உங்களுடையதாக இருந்தாலும், அதிலிருந்து வரும் வாடையோ சத்தமோ நீரோ அடுத்தவர் வீட்டில் நிம்மதியாக வாழ்வதைக் கெடுத்தால், அவர் அதைத் தொல்லை என்று வழக்காடப் பல நாடுகளின் சட்டங்களில் இடமுண்டு. அதற்காக உங்கள் வீட்டில் காற்றுப்போக்கியே கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை கிடைத்துவிடாது. முன்பு அவர் மறுத்தது, தன் ஜன்னலுக்கு நேராக இருந்த ஒரு திறப்பை. இப்போது நீங்கள் வைக்கப்போவது அவர் ஜன்னலைவிட உயரத்தில், உள்ளே எதுவும் தெரியாத, மூடி போட்ட 4 அங்குலக் குழாய்.

துளை போடுவதற்கு முன், இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நீங்களும் உங்கள் கணவரும் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். எந்த உயரத்தில் வருகிறது, மூடி எந்தப் பக்கம் பார்க்கும், சொட்டும் நீர் உங்கள் சந்தில்தான் விழும் என்பதைக் காட்டுங்கள். மூடியை அவர் ஜன்னலுக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. ஊர் நிர்வாகத்திடம் அனுமதி தேவைப்படுமானால் அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பரணில் ஏறி அந்த ஜாலி இருக்கிறதா என்று பார்த்ததும் எனக்கு எழுதுங்கள். அப்படியே குளியலறைக்கு மேலே இருக்கும் சட்டங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கேனும் மெத்தென்று இருந்தால், குழாய் வேலையைத் தொடங்கும் முன் அதைத் தச்சரிடம் காட்டிவிட வேண்டும்.